அலமாரிக்குள் மாராயி

5 பிப்ரவரி, திங்கள். அபர்டீன்

காலையில் கோதை அழைத்தாள். சென்னையில் ஒலிப்புத்தகக் கம்பெனி ஒன்றில் தயாரிப்பாளர். முப்பது வயதுகூட இருக்காது, பேச்சு மட்டும் தலைமையாசிரியை பேச்சு. இதுவரை மூன்று குழந்தைக் கதைகள் கொடுத்திருக்கிறாள். முயலாகப் பேசினேன், முதலையாகப் பேசினேன், ஒரு பூசணிக்காயாகவும் பேசினேன். மனுஷியாகப் பேச இன்றுதான் கேட்கிறாள்.

அறுநூற்று இருபது பக்க நாவல். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் மாராயி என்ற பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். நடுநடுவே அவள் மகள் எழுதும் கடிதங்கள் வருகின்றன. நான் பிறந்த ஊரிலிருந்து சங்ககிரி பஸ்ஸில் அரை மணி நேரம். மாராயி பேசுகிற பேச்சுதான் எங்கள் வீட்டுப் பேச்சும்.

"நாலு பேர் லிஸ்ட்ல இருந்தாங்க மேடம். நான்தான் அடம்பிடிச்சு உங்களச் சொன்னேன். தாமரையோட குரல் தமிழ்நாட்டுல யாருக்குத் தெரியாது சொல்லுங்க?"

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

சூப்பர் மார்க்கெட்டில் காலை ஷிஃப்ட். ரொட்டிப் பிரிவில் பதினோரு மணிவரை நின்றுவிட்டு வந்து, படுக்கையறைத் துணி அலமாரியில் உட்கார இடம் ஒதுக்கினேன். அதுதான் என் ஸ்டுடியோ. கணவர் பூபதியின் குளிர்கோட்டுகள் மூன்றும் என் பட்டுப்புடவைகளும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஒரு முக்காலி, மைக், டேப்லெட். ஹீட்டரை நிறுத்தியாக வேண்டும், அது முனகும். வெளியே நான்கு டிகிரி. அதைவிடப் பெரிய தொல்லை கூரைமேல் உட்காரும் கடற்பறவைகள். இந்த ஊரில் அவற்றுக்குத்தான் ஓட்டுரிமை.

பூபதி கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையில் இருக்கிறார். மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் வீட்டில். 21ஆம் தேதி வருவார்.

8 பிப்ரவரி, வியாழன்

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் எழுதிவிடலாம். தாமரையின் குரல் என்னுடையது அல்ல.

பதினோரு வருஷம் ஓடிய ஒரு டிவி தொடரில் நான்தான் தாமரை. முகம் என்னுடையது, நடை என்னுடையது. முதல் நாளே இயக்குநர் சொல்லிவிட்டார், "மூஞ்சி மகாலட்சுமி, வாயத் தொறந்தா கரும்பு மில்லு." யூனிட்டே சிரித்தது, நானும் சிரித்தேன். கட்டைக் குரல், அதோடு எங்கள் ஊர் இழுவை. அன்றிலிருந்து வத்சலா அக்கா டப்பிங் பேசினார். ஜனங்களுக்கு இது தெரியாது. கோதைக்கும் தெரியாது.

நான் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டாள், நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

12 பிப்ரவரி, திங்கள்

பழைய எபிசோடுகளை இணையத்தில் போட்டுப் பார்த்து நான்கு நாளாகப் பயிற்சி. வத்சலா அக்கா வாக்கியத்தின் கடைசிச் சொல்லை லேசாகத் தூக்கி விடுவார். 'ழ' வந்தால் ஒரு கணம் தங்குவார். என்னைப் பார்த்துப் பேசியவரைப் பார்த்து நான் பேசக் கற்றுக்கொள்கிறேன். கேட்டால் யாரும் சிரிப்பார்கள்.

மாதிரிக்கு ஐந்து நிமிஷம் அனுப்பினேன். கோதையிடமிருந்து பதில்: "புல்லரிக்குது மேடம்."

சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் இருந்தது.

19 பிப்ரவரி, திங்கள்

மூன்றாம் அத்தியாயம். இருபது நிமிஷத்துக்குமேல் தொண்டை நிற்கவில்லை. உப்புத் தண்ணீர், மிளகுப் பால், பச்சை ஆப்பிள். ஆப்பிள் தின்றால் வாயில் பிசுபிசுப்பு போகும், மைக்கில் நாக்குச் சத்தம் விழாது. தொண்டைக்கு அது ஒன்றும் செய்யாது.

மாராயி முதல் அத்தியாயத்திலேயே ஒரு டிரைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறாள். அதை நான் கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்வதுபோல் வாசித்திருக்கிறேன்.

21 பிப்ரவரி, புதன்

பூபதி வந்தார். நான் அலமாரிக்குள் இருந்ததால் கதவு திறந்தது கேட்கவில்லை. வெளியே வந்தபோது படிக்கட்டில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"வத்சலாக்கா எப்ப வந்தாங்க?" என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல சாந்தா. நெசமாவே யாரோ வந்திருக்காங்கன்னுதான் பூட்ஸக்கூடக் கழட்டாம உக்காந்திருக்கறேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு இட்லி சாப்பிட்டு முடித்தார். பிறகு, "சங்ககிரிக்காரி அப்படியா பேசுவா?" என்றார்.

"பேசுவா. டிவில எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க."

"உனக்குத் தெரியாததா" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார். இந்த மனுஷனோடு சண்டை போடுவது தண்ணீரில் குத்துவது மாதிரி.

27 பிப்ரவரி, செவ்வாய்

கம்பெனி விளம்பரம் வெளியிட்டுவிட்டது. என் பழைய படம், குங்குமமும் மல்லிகையுமாக. கீழே 'தாமரை மீண்டும் பேசுகிறாள்'. பின்னணியில் நாற்பது நொடி என் வாசிப்பு. மதியத்துக்குள் ஆயிரத்து நானூறு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். "இந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதை நான்கு முறை படித்தேன்.

நாலரைக்கு வத்சலா அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி. ஐம்பத்திரண்டு நொடி.

28 பிப்ரவரி, புதன்

கேட்கவில்லை. நான்காம் அத்தியாயம் பாதி முடிந்தது.

29 பிப்ரவரி, வியாழன்

கேட்கவில்லை. பாத்ரூம் கழுவினேன். ஜன்னல் விளிம்பிலிருந்த பூஞ்சையையும் சுரண்டினேன்.

3 மார்ச், ஞாயிறு

காலையில் எழுந்தால் குரலே இல்லை. காற்றுதான் வருகிறது. ரொட்டிப் பிரிவில் என்னோடு நிற்கும் மோரீன் அம்மாள் நான் வாயசைப்பதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். ஒரு வாரம் பேசக்கூடாது என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார்.

கோதைக்கு 'காய்ச்சல்' என்று எழுதினேன். 'உடம்பு முக்கியம் மேடம்' என்று பதில், பின்னாலேயே 'பத்தாம் தேதி ஆரம்பிச்சிடலாமா?' என்று இன்னொன்று.

6 மார்ச், புதன்

பேச முடியாதவள் கேட்கவாவது செய்யலாம் என்று இன்று செய்தியைத் திறந்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"சாந்தா, வத்சலா பேசறேன். நல்லாருக்கியா? உன் விளம்பரத்த என் தங்கச்சி பொண்ணு காட்டினா. மொதல்ல நான்தான் பேசியிருக்கேன்னு நெனச்சேன்டி. எங்கயோ பேசிக் குடுத்துட்டு மறந்துட்டேனோன்னு பயந்தே போயிட்டேன். அப்புறம் மூச்சக் கவனிச்சேன். மூச்சு உன்னுது. கோவம் இல்லேன்னு சொன்னா பொய். ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. ஆனா அதுக்காக நான் பேசல. என் எடத்துல நின்னு நீ பேசக்கூடாதுடி, உன் தொண்டை அதுக்குப் பண்ணினது இல்ல. புண்ணாயிடும். நிறுத்திடு. தோணினா போன் பண்ணு."

இவ்வளவுதான். இதற்கா எட்டு நாள் பயந்தேன்? இதற்கு இல்லை. எதற்கென்று எனக்கே தெரியும், அதையும் எழுதிவிடுகிறேன்.

எட்டாவது வருஷம் எனக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தாமரை உட்கார்ந்து அழும் எபிசோடுக்கு. வசனமே கிடையாது, நான்கு நிமிஷம் அழுகை மட்டும். மேடையில் இயக்குநர், கேமராமேன், மேக்கப் அண்ணன், என்னை தினமும் கூட்டிவந்த ஆட்டோ பாஷா பாய் வரைக்கும் நன்றி சொன்னேன். வத்சலா அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைச் சொன்னால் குரல் என்னுடையது இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். சொல்லவில்லை. அவர் கைதட்டினார். மறுநாள் ஸ்டுடியோவில் பார்த்தபோது, "அந்தப் பச்சைப் புடவை உனக்கு எடுப்பா இருந்துச்சுடி" என்றார்.

அழுதது அவர், விருது வாங்கியது நான். அந்த எபிசோடை மட்டும் இன்றுவரை நான் பார்த்ததில்லை. போன மாதம் பயிற்சிக்காக எல்லாவற்றையும் பார்த்தபோதும் அதைத் தள்ளிவிட்டேன்.

10 மார்ச், ஞாயிறு

கொஞ்சம் குரல் வந்தது. முதல் போன் வத்சலா அக்காவுக்கு. மன்னிப்பு கேட்பதற்கு மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், முதல் வாக்கியத்திலேயே அவர் வெட்டினார்.

"அத அப்புறம் கேளு. என்ன புக்கு?"

சொன்னேன்.

"லாரிக்காரியா? அவளப் போய் என் குரல்ல படிச்சியா? அறிவிருக்காடி? உன் குரல்ல ஒரு பக்கம் படி."

படித்தேன். ஒரு வார மௌனத்துக்குப் பிறகு வந்த கரகரப்போடு, எங்கள் ஊர் இழுவையோடு. டிரைவரைத் திட்டும் பக்கம்.

"இதத்தானே நான் பதினோரு வருஷம் கேட்டேன்" என்றார்.

மறந்தே போயிருந்தேன். படப்பிடிப்பில் நான் பேசுவதைக் கச்சாவாகப் பதிவு செய்வார்கள். பைலட் என்று பேர். டப்பிங் பேசுகிறவர் அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே, அதே இடத்தில் மூச்சு வாங்கி, அதே இடத்தில் நிறுத்திப் பேச வேண்டும். அப்புறம் பைலட்டை அழித்துவிடுவார்கள்.

"அழிக்கறதுக்கு முன்னாடி கேட்டவ நான் ஒருத்திதான். நல்லாத்தான்டி இருந்துச்சு. அந்த டைரக்டருக்குக் காது இல்ல. போ, கம்பெனிக்காரங்ககிட்ட உண்மையச் சொல்லு."

"புக் போயிருங்கக்கா."

"போனா போகட்டும்னு என்னால சொல்ல முடியாது. எனக்கே ஒரு வருஷமா வேல இல்ல. ஆனா சொல்லு."

11 மார்ச், திங்கள்

முதல் அத்தியாயத்தை முதலிலிருந்து என் குரலில் பதிவு செய்தேன். ஒன்றரை மணி நேரம், ஒரு தடவைகூடத் தண்ணீர் குடிக்கவில்லை. குறிப்பு எதுவும் எழுதாமல் கோதைக்கு அனுப்பினேன். தைரியம் அவ்வளவுதான் இருந்தது.

12 மார்ச், செவ்வாய்

"மேடம், வேற யாரோட ஃபைலோ மாறி வந்திருக்கு" என்றாள் கோதை.

"வேற யாருமில்லைங்க. நாந்தானுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். தலைமையாசிரியைக் குரல் இறங்கிப்போய், "நான்தானே மேடம் உங்களுக்காக அடம்பிடிச்சேன். இப்ப மீட்டிங்ல நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பூபதி நாளை கடலுக்குப் போகிறார். பை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "இப்பத்தான் நம்மூட்டுச் சத்தம் கேக்குது" என்றார்.

18 மார்ச், திங்கள்

பதில் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் முழுநேரமாக வருகிறாயா என்று கேட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் சொல்ல வேண்டும். மோரீன் அம்மாளுக்கு ஓய்வு வயது, அவர் இடத்துக்கு. நல்ல வேலைதான், நல்ல மனுஷர்கள்தான். ஆனால் நான் நாற்பத்தைந்து வயதில் நடிப்பை விட்டுவிட்டேன் என்று ஒருவரிடமும் இதுவரை சொன்னதில்லை. 'இங்கே வந்திருக்கிறேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு வருஷமாக.

22 மார்ச், வெள்ளி

விளம்பரத்தை நீக்கிவிட்டார்களாம். "அந்த டப்பிங் மேடம் நம்பர் தருவீங்களா?" என்று கோதை கேட்டாள். நியாயம்தான். அவர்களுக்கு வேண்டியது அந்தக் குரல். அது இருக்கிற இடத்தில்தானே போய்க் கேட்பார்கள்?

கொடுத்தேன். கொடுத்துவிட்டு வயிறு எரிந்தது. பெரிய மனசோடு கொடுத்தேன் என்று பின்னால் நானே நம்பிவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதிவைக்கிறேன்.

28 மார்ச், வியாழன்

வத்சலா அக்கா இரண்டு அத்தியாயம் படித்துக் கொடுத்திருக்கிறார். நாவலை எழுதிய எழுத்தாளர் அதைக் கேட்டாராம். எழுபது வயதுக்காரர், சங்ககிரியிலேயே இருக்கிறார். மகளின் கடிதங்களுக்கு இந்தக் குரலேதான் வேண்டும் என்றாராம். அப்புறம், "மாராயி இவங்க இல்லீங்க" என்றிருக்கிறார்.

கோதை என் ஃபைலைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவள் திரும்பவும் எனக்காக அடம்பிடித்திருக்கிறாள் என்பதை அவள் சொல்லாமலே புரிந்துகொண்டேன். எழுத்தாளர் முழுவதும் கேட்டுவிட்டு, "திட்டறா, நல்லாத்தான் திட்டறா. அழுவாளா?" என்று கேட்டாராம். பதினான்காம் அத்தியாயத்தில் மாராயியின் முதல் லாரியை ஜப்தி செய்து ஓட்டிப்போகிறார்கள். அவள் ஆபீஸ் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுகிறாள். அதைப் பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுத்தான் முடிவு.

வத்சலா அக்கா போன் செய்தார். "கடிதத்த நான் எடுத்துக்கறேன்டி. விட்டுக்குடுக்க மாட்டேன். அட்டையில என் பேரு பெருசா வரணும்னு சொல்லிட்டேன்."

"வரணுங்கக்கா."

"மீதிய நீ பாத்துக்கோ."

2 ஏப்ரல், செவ்வாய்

ஏழு முறை முயன்றேன். திட்டும்போது வருகிற குரல் அழும்போது ஓடி ஒளிகிறது. கேட்டுப் பார்த்தால் சளி பிடித்தவள் தொண்டையைச் சரிசெய்வதுபோல் இருக்கிறது. ஆறாவது முறை கொஞ்சம் தேவலாம் என்று நினைத்தேன், அதில் கடற்பறவை கத்திவிட்டது.

கேமராவுக்கு முன்னால் ஆயிரம் தடவை அழுதிருக்கிறேன். கண்ணீர் என் வேலை, சத்தம் அக்காவின் வேலை. சத்தமாக அழுவது எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை.

5 ஏப்ரல், வெள்ளி

பூபதி முந்தாநாள் வந்துவிட்டார். இன்று பதினோராவது முறை. அழித்துவிட்டேன்.

8 ஏப்ரல், திங்கள்

வெட்கத்தை விட்டு வத்சலா அக்காவிடமே கேட்டேன். "அந்த ஆஸ்பத்திரி சீன்ல எப்படிக்கா அழுதீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க."

"எந்த சீன்?"

"விருது வாங்கின சீனுங்க."

"அதுவா? அதுல நான் எங்கடி அழுதேன்?"

புரியவில்லை எனக்கு.

"நான் அன்னிக்கு ரெண்டு தடவ முயற்சி பண்ணினேன். ஹெட்ஃபோன்ல உன் பைலட் ஓடுது. என்னால அது மேல ஏற முடியல. இன்ஜினியர்கிட்ட, 'இதத் தொடாதீங்க, பைலட்டையே விட்டுருங்க'ன்னு சொல்லிட்டு எழுந்து போய் டீ குடிச்சேன். அழற சத்தம்தானே, யார் குரல்னு யாருக்குத் தெரியப்போகுது? நீ அந்த எபிசோடப் பாக்கவே இல்லையா?"

"இல்லீங்க."

"நல்ல நடிகைடி நீ. போய்ப் பாரு மொதல்ல."

"அப்ப மேடையில நான் உங்க பேரச் சொல்லலைன்னு..."

"அது தப்புதான். பதினோரு வருஷத்துல மத்ததெல்லாம் நான்தான பேசினேன்? அந்தத் தப்பு தப்புதான். ஆனா அந்த நாலு நிமிஷத்துக்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்ல."

போனை வைத்துவிட்டு எபிசோடைத் தேடி எடுத்தேன். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, சத்தத்தை முழுதாக வைத்தேன். வராந்தா வந்தது, பெஞ்ச் வந்தது, நான் வந்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, சமையலறையிலிருந்து பூபதி ஓடிவந்தார். கையில் கரண்டி, அதிலிருந்து சாம்பார் தரைவிரிப்பெல்லாம் சொட்டுகிறது.

"என்னாச்சு சாந்தா? எதுக்கு அழுகறே?"

நான் அழவில்லை. உதட்டைக்கூட அசைக்கவில்லை. போனைத் திருப்பி அவருக்குக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உன்ற சத்தமாட்டவே இருந்துச்சு" என்றார்.

"என்றதுதானுங்க" என்றேன்.

9 ஏப்ரல், செவ்வாய்

பதினான்காம் அத்தியாயம். ஒரே முறையில் முடிந்தது. பறவைகள் கத்தின, நிறுத்தவில்லை. மாராயியின் ஆபீஸுக்கு வெளியே காகம் கத்தியிருக்காதா என்ன? அலமாரியிலிருந்து வெளியே வந்து முகம் கழுவிவிட்டு அனுப்பினேன். இரவு நன்றாகத் தூங்கினேன்.

12 ஏப்ரல், வெள்ளி

எழுத்தாளர் சரி என்றுவிட்டார். கோதை சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது, உடனே தலைமையாசிரியை ஆகிவிட்டாள். மே மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டுமாம். பறவைச் சத்தத்தை நீக்கிவிடலாமா என்று கேட்டாள், நீக்கிக்கொள்ளச் சொன்னேன்.

புது விளம்பரத்துக்கு இரண்டு பேர் படமும் வேண்டும் என்றாள். வத்சலா அக்காவிடம் அவருடைய படம் ஒன்றுகூட நல்லதாக இல்லையாம். முப்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இன்று மாலை ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து அனுப்பியிருக்கிறார். பச்சைப் புடவை கட்டியிருக்கிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்டு ஒரு குரல் செய்தி, வந்த நொடியே திறந்து கேட்டேன்.

மோரீன் அம்மாளிடம், முழுநேரத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். நான் நடிகை என்று சொன்னேன்.